அந்த வருசம் தீ சுடல்ல

பழுகாமத்தில் அழகரத்தினத்தைத் தெரியாத ஆள் யாராவது இருந்தால், அந்த ஆள் வேளாண்மை செய்யாத ஆளாகத்தான் இருக்கவேண்டும். வட்டை விதானை என்றால் சும்மாவா? வட்டை என்கிற அந்தப் பெரிய வயல்வெளிக்கு வருகிற வாய்க்கால் தண்ணி எந்த நாளில் யாருடைய வயலுக்குப் போகும், எவன் வரம்பை வெட்டி அடுத்தவன் தண்ணியைக் களவாக இறக்கினான், எந்த வரம்பு உடையப்போகுது, எல்லாம் அந்த மனுசனைக் கேட்டுத்தான். காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினால், வெயில் உச்சிக்கு ஏறித்தான் வீடு. அதுவும் வெறுங்கால். செருப்பென்றால் அவருக்கு அப்படியொரு வெறுப்பு.

"காலுக்குக் கீழ றப்பரை வச்சிட்டு வரம்பில நடக்கிறதும், கைக்கு உறையைப் போட்டுட்டுச் சோறு தின்னுறதும் ஒண்டுதான்கா" என்று பெண்சாதி புஸ்பத்துக்குச் சொல்வார்.

புஸ்பம் விடுகிற ஆளா? "அப்ப அந்தச் சேத்துக் காலோட என்ட பாயில ஏறாதீங்க. போய்க் கழுவிட்டு வாங்க" என்பாள்.

ஒரே ஒரு மகள், தனுஷா. புளியந்தீவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. விடிந்தால் பஸ், பொழுதுபட்டால் பஸ். தகப்பனின் வாயும் அவளுக்கு, தாயின் பிடிவாதமும் அவளுக்கு. மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற நேரம் அந்த வீட்டில் ஒரே சத்தமாகத்தான் இருக்கும். அது சண்டையா பகிடியா என்று பக்கத்து வீட்டுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அழகரத்தினத்துக்கு ஊரில் இன்னொரு மதிப்பும் இருந்தது. அவர் தீ பாய்கிறவர். தனுஷா பிறக்கிற நேரம் தாயும் பிள்ளையும் தப்புவதே பெரிய காரியம் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "இதுகள் ரெண்டையும் தந்தியெண்டா நடக்க ஏலும்வரைக்கும் வருசா வருசம் உன்ட தீயில இறங்குவன் அம்மாளே" என்று நேர்ந்துகொண்டார். அம்மாள் தந்தாள். அவரும் சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு வருசமும் அம்மாள் கோயில் சடங்குக்குக் காப்புக் கட்டி, விரதம் பிடித்து, வேப்பிலையோடு தீக்குழியில் இறங்கி ஏறினார்.

ஆனால் ஒரு விசயம் இருந்தது. அதை அவர் ஒரு குஞ்சுகுருமானுக்கும் சொன்னதில்லை. தீ அவருக்குச் சுடும்.

மற்றவர்கள் எல்லாரும் ஏறி வந்து, "பூவில நடந்த மாதிரி" என்பார்கள். அவரும் சொல்வார், "பூவில நடந்த மாதிரி." சொல்லும்போதே உள்ளங்கால் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருக்கும். ஓடித்தான் ஏறியிருப்பார். பிறகு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு முகட்டைப் பார்ப்பார். எல்லாருக்கும் குளிர்ந்து போகிற தீ எனக்கு மட்டும் ஏன் சுடுது? விரதத்தில் எங்கே பிழை விட்டேன்? மனதில் என்ன அழுக்கு? அம்மாளுக்கு என்னில் என்ன குறை? இப்படியே கேட்டுக் கேட்டு இருபது வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. வெளியில் பார்த்தால் விதானையார் சிரிப்பும் பகிடியுமாகத் திரிகிற ஆள். உள்ளுக்குள் இந்த முள்.

நெஞ்சு நோ தொடங்கினது ஒரு மாரிமழைக் காலத்தில். இடது பக்க விலாவைச் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டு யாரோ இறுக்குகிற மாதிரி வரும். படுத்தால் கூடும், எழும்பி இருந்தால் குறையும். புஸ்பம் வாயு என்றாள். உள்ளி சுட்டுக் கொடுத்தாள், இஞ்சி இடித்துக் கொடுத்தாள், எண்ணெய் போட்டு உருவினாள். பிறகு வரம்பு அவருக்குப் புதிதாக மெத்தென்று இருந்தது. பஞ்சில் நடக்கிற மாதிரி. "இந்த முறை மழை கூட, சேறு நல்லா ஊறியிரிக்கி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். செருப்புப் போடுகிற மனுசனாக இருந்திருந்தால் கால் செருப்பைத் தவறவிட்டு நடந்ததைக் கண்டு யாராவது கேட்டிருப்பார்கள். வெறுங்கால்காரனுக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்கவில்லை.

சளி ஒன்று பிடித்து விடாமல் இழுத்ததில்தான் தனுஷா அவரை இழுத்துக்கொண்டு போய் நெஞ்சுப் படம் எடுப்பித்தாள். சளியைப் பார்க்க எடுத்த படத்தில் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் வட்டமாய் ஒரு நிழல் கிடந்தது. அதற்குப் பிறகு ஸ்கேன், அதற்குப் பிறகு பெரிய ஸ்கேன், ஊசி குத்தி ஒரு துண்டு எடுத்து ஒரு சோதனை. ஒரு நாள் கிளினிக்கில் டொக்டர் அவரை முன்னால் இருத்தி, படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளங்கப்படுத்தினார். சின்ன வயசு டொக்டர். மட்டக்களப்புப் பொடியன்தான், அதனால் பேச்சு ஒட்டியது.

"முள்ளந்தண்டுக்குள்ள இருந்து ஒவ்வொரு விலாவுக்கும் ஒரு நரம்பு வெளியில வரும் ஐயா. அதில ஒரு நரம்பின்ட உறையில கட்டி வளந்திரிக்கி. உடுக்குத் தெரியும்தானே? அந்த மாதிரி. ஒரு தலை நெஞ்சுக்குள்ள. மற்றத் தலை முள்ளந்தண்டுக்குள்ள. நடுவில ஒடுங்கின இடம் எலும்பு ஓட்டைக்குள்ள."

"கூடாத கட்டியா டொக்டர்?" என்று தனுஷா கேட்டாள்.

"இல்ல. புற்றுநோய் இல்ல. ஆனா இரிக்கிற இடம்தான் கூடாது. உள்ளுக்க இரிக்கிற தலை, முள்ளந்தண்டுக்குள்ளால ஓடுற முண்ணாணை நெரிக்குது. காலுக்குப் போற நரம்பெல்லாம் அதுக்குள்ளாலதான் போகுது. காலைக் காப்பாத்தத்தான் இந்த ஒப்பரேசன்."

முந்தியென்றால் நெஞ்சை முதுகுவரைக்கும் பிளந்து விலாவை விரித்துத்தான் எடுப்பார்களாம். இப்போது அப்படி இல்லையாம். முதலில் முதுகில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, பெரிசாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, உள்தலையை முண்ணாணில் இருந்து மெல்லமாய்ப் பிரித்து விடுவார்கள். பிறகு ஒரு பக்கத்துச் சுவாசப்பையைச் சுருங்க வைத்து, விலாக்களுக்கு இடையில் மூன்று சின்னப் பொத்தல் போட்டு, ஒன்றில் கமராவை விட்டு, மற்றதுகளால் வெளித்தலையை எடுத்துவிடுவார்கள். எல்லாம் ஒரே தடவையில். கொழும்பில் செய்கிறார்கள், திகதி எடுத்துத் தருகிறேன் என்றார் டொக்டர்.

"விரல் போற அளவு பொத்தல்தான் ஐயா. கொஞ்ச நாளில நடந்து வீட்ட வரலாம். ஆனா கால் இப்பிடிப் பலமா இரிக்கக்குள்ள செய்யணும். கால் போனாப் பிறகும் நாங்க கட்டியை எடுத்துத் தருவம். காலை எடுத்துத் தர ஏலாது."

அழகரத்தினம் தலையை ஆட்டினார். டொக்டர் விடவில்லை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "திகதிக்கு இடையில கால் சோர்ந்தா, ஒண்ணுக்குப் போறது தடைப்பட்டா, காலில சூடு குளிர் தெரியாமப் போனா, திகதியைப் பாத்துக்கொண்டு இரிக்கப்படாது. அண்டைக்கே வந்திரணும். விளங்கினதா?"

விளங்கினது. தகப்பனுக்கும் விளங்கினது, மகளுக்கும் விளங்கினது. அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

கொழும்புத் திகதி சடங்கு முடிந்து வருகிற கிழமைக்கு விழுந்தது. தனுஷா அன்றைக்கே சொன்னாள், "அப்பா, இந்த வருசம் நீங்க பாய வேணாம்."

"சொன்ன சொல்லை விடச் சொல்றியா? உன்னக் கேட்டுக் குடுத்த சொல் அது" என்றார்.

"அம்மாள் கோவிக்கமாட்டா. நீங்க கட்டியோட இரிக்கிற வருத்தக்காரன்."

"நான் பாயாம விட்டுட்டு ஒப்பரேசன் மேசையில ஏறினா எனக்கு நெஞ்சு ஆறுமா, சொல்லு?"

சரி, ஒப்பரேசனுக்கு முதல் அம்மாளையும் கும்பிட்டுவிட்டே போகட்டும் என்று விட்டுவிட்டாள். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். கோயில் காரியத்தை ஆஸ்பத்திரியில் போய்க் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

தீ மிதிப்பு நாள் ஊரே கோயிலடியில். பொழுது சாய்கிற நேரம், தீக்குழி தணலாய்ப் படுத்துக் கிடந்தது. கிட்டப் போனால் முகத் தோல் இழுக்கிற சூடு. பறை ஒரு பக்கம், உடுக்கு ஒரு பக்கம், பெண்டுகளின் குரவை ஒரு பக்கம். மஞ்சள் தண்ணி ஊற்றின ஈரத்தோடு காப்புக் கட்டினவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று ஓடி ஏறினார்கள்.

அழகரத்தினம் ஓடவில்லை. கால் இரண்டும் விறைத்துப்போய், மனுசனால் ஓட ஏலவில்லை. இறங்கினார். ஒரு அடி வைத்தார். வழக்கமாக அந்த முதல் அடியில் உயிர் உச்சந்தலைக்கு வரும். வரவில்லை. அடுத்த அடி. இல்லை. தணல் அவருக்குக் கீழே ஈர மணல் மாதிரிக் கிடந்தது. ஒரு பொட்டுச் சூடு? இல்லையே! குழிக்கு நடுவில் வந்தபோது அவருக்கு விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்தார். இவ்வளவு வருசமும் கேட்டதற்கு இன்றைக்குத்தான் அவள் வாய் திறந்திருக்கிறாள்.

"இப்பதானா என்னப் பாத்தாய் அம்மாளே" என்று குழறிக்கொண்டே, தீயில் ஆறுதலாய், வரம்பில் நடக்கிற மாதிரி நடந்து ஏறினார். கண்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படி ஒருவர் நடந்து அந்தக் கோயிலில் யாரும் கண்டதில்லை. குரவை வானத்தைப் பிளந்தது. ஏறி வந்தவரின் காலில் ஆட்கள் விழுந்தார்கள். புஸ்பமும் விழுந்தாள். கட்டின பெண்சாதி, தினமும் அந்தக் காலைக் கழுவிவிட்டு வரச் சொல்லி ஏசுகிறவள், அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அழகரத்தினம் அன்றைக்கு அழுத அழுகை, சந்தோசத்தில் அழுதது. அவருடைய ஆயுளிலேயே அதைப்போல ஒரு சந்தோசம் அவருக்கு இல்லை.

அடுத்த நாள் வாய்க்காலில் காலைக் கழுவ உட்கார்ந்தபோதுதான் கண்டார். உள்ளங்கால் இரண்டும் வெந்து, தோல் கொப்பளித்து, ஒரு பக்கம் உரிந்தும் கிடந்தது. விரலால் அமத்திப் பார்த்தார். நோகவில்லை. பின்னும் அமத்தினார். நீர் வடிந்தது, நோகவில்லை.

அந்த இடத்தில் எழும்பி ஒரு ஓட்டோ பிடித்திருந்தால்! அட மனுசா, ஒருக்கால் மகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கக் கூடாதா? காட்டவில்லை. காட்டுவது எப்படி? தீ பாய்ந்தவனின் கால் வெந்தால் அவன் விரதத்தில் பிழை என்றல்லவா ஊர் சொல்லும். நேற்றுக் காலில் விழுந்த சனம் இன்றைக்கு அந்தக் காலைப் பார்த்துக் குசுகுசுக்கும். அதைவிட, தனக்குக் கிடைத்ததைத் தானே பொய்யென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சுடவில்லை என்பது உண்மைதானே? நோகவில்லை என்பதும் உண்மைதானே? பிறகென்ன? துணியைக் கிழித்துச் சுற்றினார். மருந்தடிக்கிற நேரம் போடுகிற நீட்டு றப்பர்ச் சப்பாத்துச் சோடி ஒன்று கொட்டிலில் கிடந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன புதினம்கா இது! செருப்பே போடாத மனுசன் சப்பாத்துப் போடுறார்" என்று புஸ்பம் சிரித்தாள்.

"வட்டையில விரியன் கூடிப்போச்சு" என்றார். இரவில் திண்ணையில் தனியாக, காலைப் போர்த்துக்கொண்டு படுத்தார்.

கொழும்புக்குப் புறப்படுகிற நாள் நெருங்கினது. தனுஷா லீவு போட்டு, பாயும் போத்தலும் சாரங்களும் பையில் அடுக்கி வைத்தாள். அழகரத்தினம் பையைப் பார்த்துச் சொன்னார், "அதை அவிழ்த்து வை மகள். நான் வரல்ல."

"என்னப்பா விளையாடுறீங்களா? அங்க கட்டில் ஒதுக்கி வச்சிரிக்காங்க."

"அம்மாள் கட்டியை எடுத்துப்போட்டா. நெஞ்சு நோவும் குறைஞ்சு போச்சு. நீயும் பாத்தாய்தானே, தீயில நான் எப்பிடி நடந்தனெண்டு?"

"அது வேற, இது வேற அப்பா!"

"என்ன வேற? எல்லாம் அவட கைதான்."

அவள் கத்தினாள், அழுதாள், சோறு தின்னாமல் கிடந்தாள். தாயைத் துணைக்குக் கூப்பிட்டாள். புஸ்பமோ கண்ணில் ஒற்றின காலை மறக்கவில்லை. "தெய்வம் தந்ததைத் தட்டிப்போட்டு நெஞ்சில ஓட்டை போடச் சொல்றியா புள்ள? கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றாள். கடைசியில் தனுஷாதான் கொழும்புக்குப் போன் எடுத்து, தகப்பன் வரமாட்டார் என்று சொன்னாள். அந்தப் பக்கத்தில் இருந்த தாதி மிஸ், "ஏன், காலில ஏதும் வித்தியாசமா?" என்று கேட்டாள். "இல்ல மிஸ், அப்பிடி ஒண்டும் இல்ல" என்றாள் தனுஷா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கட்டில் வேறு ஆளுக்குப் போனது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நடை தள்ளாடினது. குடிகாரன் மாதிரி வருகிறார் என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள். ஒரு நாள் காலையில், உடைந்த வரம்பு ஒன்றைப் பார்க்க இறங்கினவர் அப்படியே மடிந்து வயலுக்குள் விழுந்தார். எழும்பப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கையை ஊன்றித் தலையைத் தண்ணிக்கு மேலே வைத்துக்கொண்டு சத்தம் போட்டார். வரம்பு கட்ட மண் ஏற்றிக்கொண்டு வந்த றமீஸ், அவருடைய நெடுநாள் கூட்டாளி, உழவு மெசினை நடு வழியில் விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தான்.

"என்ன விதானையார், சறுக்கிட்டா? கையத் தாங்க, எழும்புங்க."

"எழும்ப ஏலாதுடா றமீஸ். காலக் காணல்ல."

றமீஸ் ஒரு நிமிசம் அவருடைய முகத்தைப் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய உடம்பைத் தோளில் தூக்கி மெசின் பெட்டியில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தான். தனுஷா அன்றைக்கு வேலைக்குப் புறப்படுகிற நேரம். சப்பாத்தைக் கழற்றினது அவள்தான். கழற்றும்போதே நாற்றம் மூக்கில் அடித்தது. துணி சதையோடு ஒட்டிக் கிடந்தது. புஸ்பம் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"எப்ப அப்பா இது?"

"தீ பாய்ஞ்ச அண்டைக்கு."

"நோகல்லயா?"

"இல்ல மகள். தீயில நடக்கக்குள்ளயும் நோகல்ல, மறுகாவும் நோகல்ல." பெருமையாகத்தான் சொன்னார். அந்தக் கிடையிலும் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம்.

டொக்டர் விரலை மடக்கிச் சொன்ன சொல் தனுஷாவுக்கு இப்போதுதான் வந்து நெஞ்சில் ஏறியது. "அது அம்மாளில்ல அப்பா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். "சூடு தெரியாட்டி அண்டைக்கே வரச் சொன்னாரே அப்பா! அது கட்டி அப்பா! கட்டி!"

அந்த வெளிச்சம் அவருடைய முகத்தில் இருந்து போனதை றமீஸ் கண்டான். பிறகு அது திரும்பி வரவே இல்லை என்று இன்றைக்கும் சொல்வான்.

மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு அம்புலன்ஸ். கால் புண்ணின் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டதால் உடனே வெட்ட முடியவில்லை. காய்ச்சல் இறங்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். இறங்கின பிறகு செய்தார்கள். டொக்டர் சொன்ன மாதிரியேதான் செய்தார்கள். முதுகில் ஒரு சின்ன வெட்டு, விலாவில் மூன்று பொத்தல். கட்டி ஒரு தலையும் மிச்சமில்லாமல் வந்தது. இரத்தம் ஏற்றவும் தேவைப்படவில்லை. சுவாசப்பை அன்றைக்கே விரிந்தது. பொத்தல்கள் கடுகளவு தழும்பாய் ஆறிப்போயின. அவ்வளவு சுத்தமான ஒப்பரேசன் என்று வாட்டில் இருந்த மற்ற டொக்டர்மாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கால் மட்டும் வரவில்லை.

பெரிய டொக்டர் சிங்களவர். தமிழ் மிஸ் ஒருத்தி நின்று தமிழில் சொன்னாள். முண்ணாண் கனகாலம் நெரிபட்டுப் போயிற்று, இனிக் கொஞ்சம் உணர்ச்சி வந்தால் உண்டு, வராமலும் போகலாம், நடப்பார் என்று சொல்ல முடியாது. தனுஷா ஒரு கேள்விதான் கேட்டாள். "முதல் திகதிக்கு வந்திருந்தா?" பெரிய டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னதை மிஸ் மெல்லமாய்த் தமிழில் சொன்னாள். "நடந்துதானே வந்திருப்பார், அப்பிடியே நடந்து போயிருப்பாராம்."

வீட்டுக்கு வந்தது சக்கரக் கதிரையில். பக்கத்தில் சிறுநீர்ப் பை. கால்கள் சில நேரம் தானாகத் துடிக்கும், தானாக மடங்கும், அவருடைய சொல் கேட்டு மட்டும் ஒரு விரலும் அசையாது. ஊர் வேறு விதானையைத் தெரிவுசெய்தது. வேறென்ன செய்யும்? வேளாண்மைக்குத் தண்ணி வேண்டும்தானே. தண்ணிச் சண்டை வந்தால் முதலில் ஒன்றிரண்டு பேர் இவரிடம் கேட்க வந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. வீட்டில் சாப்பாட்டு நேரத்துச் சத்தம் எப்போதோ அடங்கிப்போனது. கோப்பையில் விரல் உரசுகிற சத்தம்தான்.

சாகவேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தின்பதைக் குறைத்துவிட்டார். புஸ்பம் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "மற்ற வருசமெல்லாம் அம்மாள் சுட்டவ புள்ள" என்றார் ஒரு நாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "சுட்டுச் சுட்டு என்ன அழ வச்சவ. அந்த ஒரு வருசமும் சுட்டிருக்கலாமே. சுட்டிருந்தா நான் தப்பியிருப்பனே." புஸ்பம் சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

ஒரு நாள் கோயில் கட்டாடியார், சடங்கு நடத்துகிற கிழவர், பார்க்க வந்தார். அழகரத்தினம் அவரிடம்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் கொட்டினார். வருசா வருசம் சுட்டது, வெளியில் பொய் சொன்னது, அந்த வருசம் சுடாதது, வெந்த காலை மறைத்தது, எல்லாம்.

கட்டாடியார் கடைசிவரை கேட்டார். பிறகு, "ஏன் மனே என்னட்டச் சொல்லல்ல?" என்றார். "எனக்கும் சுடும். எல்லாருக்கும்தான் சுடும். சுட்டாலும் நேந்ததுக்காக நடக்கிறம், அதுதானே நேத்தி. என்ட காலும் ரெண்டு தரம் கொப்பளிச்சுத்தான் போச்சு. சுடாட்டி அது என்ன தீ?"

"பூவில நடந்த மாதிரியெண்டு எல்லாரும் சொல்றாங்களே."

"நீயும்தானே சொன்னாய்."

இவ்வளவு வருசமும் தன்னை மட்டும் தள்ளி வைத்திருந்தாள் என்று அழகரத்தினம் நினைத்த அம்மாள் யாரையுமே தள்ளி வைக்கவில்லை. அது தெரிய வந்த நேரம் அவருக்குக் காலும் இல்லை. கட்டாடியார் எழும்பிப் போகும்போது அவருடைய தலையில் கை வைத்தார். அழகரத்தினம் குனிந்தே இருந்தார்.

அடுத்த சடங்கு வந்தது. கோயிலில் கொடி ஏறி, பறைச் சத்தம் வீடு வரைக்கும் கேட்கத் தொடங்கியது. புஸ்பத்தின் முகத்தில் ஏனோ ஒரு தெளிவு. விடிய எழும்பி முழுகினாள், மஞ்சள் சீலையைக் கட்டிக்கொண்டு எங்கோ புறப்பட ஆயத்தமானாள். அறையைக் கடக்கிற நேரம் புருசனைப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

தனுஷா வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டோடுதான். காலையில் தகப்பனின் காலை ஒரு பேசினுக்குள் வைத்து இளஞ்சூட்டுத் தண்ணியில் கழுவுவாள். உணர்ச்சி வந்தால் சூடுதான் முதலில் தெரிய வரலாம் என்று கொழும்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் கேட்பாள். ஒவ்வொரு நாளும் அவர் இல்லையென்பார். அன்றைக்கும் கேட்டாள்.

"ஏதும் தெரியுதா அப்பா?"

அவர் அவளுடைய உச்சியைப் பார்த்தார். அந்த வயசில் ஒரு நரை. மனம் கேட்கவில்லை.

"ஓம் மகள். இண்டைக்குத் தெரியுது. நல்ல இளஞ்சூடு. பெருவிரல் பக்கமா."

தனுஷாவின் கை நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், "இண்டைக்கு அம்மா அடுப்பு மூட்டல்ல அப்பா. இது கிணத்துத் தண்ணி."

அழகரத்தினம் வாய் திறந்தார். கள்ளம் பிடிபட்ட பிள்ளையின் குரல். "அம்மாட்டச் சொல்லிராத மகள். அவ நேத்துக் கேட்டவ. சூடு தெரியுதெண்டு சொல்லிட்டன். ஒரு வாய் சோறு திண்டு படுக்கட்டும் மனிசி எண்டுதான் சொன்னன்."

தனுஷா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்குத்தானா அம்மா விடிய முழுகினா அப்பா?" என்றாள். "உங்கட காலில சூடு தெரிய வந்தா தான் தீ பாயிறதெண்டு அம்மா நேந்திரிக்கா. காப்புக் கட்டத்தான் இப்ப கோயிலுக்குப் போறா."

புஸ்பம் வெளியில் படலையைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அழகரத்தினம் அவளை மறிக்கவென்று எழும்பப் பார்த்தார்.